முழங்கால் எலும்பில் நீர்க்கட்டி உள்ள இளம் குதிரைக்கு ஓய்வா, அறுவைச் சிகிச்சையா?

வாசகர் ஒருவரின் கடிதம்: "என்னிடம் உள்ள பெண் குதிரைக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. சேணம் ஏற்றிப் பழக்கத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் வலது பின்காலில் இலேசாக நொண்டியது. மூன்று வாரம் ஓய்வு கொடுத்ததும் சரியானது. மீண்டும் வேலை கொடுத்த பத்தாம் நாள் அதே நொண்டல் வந்தது. இப்படி இரண்டு முறை ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்ததில் தொடை எலும்பின் கீழ்முனையில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மருத்துவர் ஆறு மாதம் மேய்ச்சலில் விடச் சொல்கிறார், இன்னொருவர் அறுவைச் சிகிச்சைதான் வழி என்கிறார். இது புற்றுநோயா? ஏறி ஓட்டினால் எலும்பு முறிந்துவிடுமா? கால்சியம் கொடுத்தால் அந்த ஓட்டை அடைபடுமா? அதே தாய்க்குப் பிறந்த ஒரு வயதுக் குட்டியும் என்னிடம் இருக்கிறது. அதற்கும் இது வருமா?"

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்களை அதிகம் வாட்டும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை. எலும்பிலிருந்து நுரையீரலுக்கோ வேறு உறுப்புக்கோ பரவும் நோயும் இல்லை. 'கட்டி' என்ற சொல்தான் இந்த அச்சத்தைக் கிளப்புகிறது. கட்டி என்றதும் ஏதோ ஒன்று வளர்ந்து புடைத்து நிற்பதாக நினைக்கத் தோன்றும். ஆனால் உங்கள் குதிரையின் எலும்பில் எதுவும் கூடுதலாக வளரவில்லை, இருக்க வேண்டிய எலும்பு அந்த இடத்தில் இல்லாமல் போயிருக்கிறது. அந்தக் குழியை நார்த்திசுவும் கூழ் போன்ற திரவமும் நிரப்பியிருக்கின்றன. உடலின் மற்ற இடங்களில் வரும் உண்மையான நீர்க்கட்டிகளைப் போலத் தனக்கென ஒரு மேல்தோல் உறை இதற்குக் கிடையாது. ஆகவே இதை 'நீர்க்கட்டி போன்ற எலும்புக் குறைபாடு' என்று எழுதும் மருத்துவர்களும் உண்டு. குதிரைகளில் இது 1960களிலிருந்தே மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டு வருகிறது, அரிய நோயன்று. எலும்பு முறிவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தொடை எலும்பின் இந்தப் பகுதியில் உள்ள குழியால் எலும்பு முறிவது மிக அரிது. அதற்காக வலியுள்ள காலோடு ஏறி ஓட்டலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குதிரையின் பின்காலில் உடலோடு ஒட்டி, வயிற்று மடிப்புக்கு அருகில் இருக்கும் மூட்டுதான் மனிதரின் முழங்காலுக்கு நிகரானது. தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு குமிழ்களாக உருண்டு, கீழ்க்கால் எலும்பின் மேல் அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மெத்தை போலப் பிறை வடிவக் குருத்தெலும்புகள் இருக்கும். எலும்பு நீர்க்கட்டிகள் குதிரையின் பல மூட்டுகளில் வரக்கூடும். குளம்புக்குள் இருக்கும் எலும்பிலும், கணுக்கால் மூட்டிலும், முன்காலின் தோளிலும் முழங்கையிலும் கூட இவற்றைப் பார்க்கிறோம். ஆனால் மிக அதிகமாக வரும் இடம் தொடை எலும்பின் உட்புறக் குமிழ்தான். உடலின் எடை அந்தக் குமிழின் நடுப்பகுதி வழியாகவே கீழே இறங்குகிறது, குழியும் பெரும்பாலும் சரியாக அந்த நடுப்பகுதியில்தான் விழுகிறது.

எப்படி விழுகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. வளரும் குதிரையில் மூட்டின் ஓரக் குருத்தெலும்பு படிப்படியாக எலும்பாக மாற வேண்டும். அந்த மாற்றம் ஓரிடத்தில் தடைபட்டால், தடித்த, வலுவற்ற ஒரு பகுதி அங்கே எஞ்சிவிடும். மற்றொரு வழி காயம். குருத்தெலும்பிலும் அதன் அடியில் உள்ள எலும்புத் தகட்டிலும் ஒரு சிறு பிளவு விழுந்தாலே போதும். சோதனைக்காக அந்த இடத்தில் சிறிய வெட்டு ஏற்படுத்தியபோது, நலமாக இருந்த குதிரைகளிலும் நீர்க்கட்டிகள் உருவாகியிருக்கின்றன. பிளவு விழுந்த பிறகு, குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டுத் திரவம் அழுத்தத்தோடு அதற்குள் புகுத்தப்படுகிறது. அத்தோடு நிற்பதில்லை. குழியின் உட்சுவரில் படரும் திசு, அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அவை எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் கருமையான குழியைச் சுற்றி வெண்ணிற வளையம் ஒன்று தெரிந்திருக்கும். எலும்பு தன்னைத் தற்காத்துக்கொள்ள எழுப்பிய மதில் அது.

வலி எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். குருத்தெலும்பில் வலி உணரும் நரம்புகள் இல்லை, அதன் அடியில் உள்ள எலும்பில் இருக்கின்றன. பாரம் ஏறும்போது குழிக்குள் அழுத்தம் கூடுகிறது, எலும்பு வலிக்கிறது. ஓய்வு கொடுத்தால் அழுத்தமும் அழற்சியும் தணிகின்றன, குதிரை சரியாக நடக்கிறது. குழி அப்படியே இருப்பதால், வேலை தொடங்கியதும் நொண்டல் திரும்புகிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பது இந்நோயின் வழக்கமான போக்கேதான். இரண்டு முறை இப்படித் திரும்பியது என்ற செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். என் கருத்தின் பெரும்பகுதி அதை வைத்தே அமைந்தது.

ஆனால் ஓய்வா, அறுவையா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அதற்கான விடையைக் காணவில்லை. குதிரை நொண்டுவது இந்தக் குழியால்தான் என்று யாராவது உறுதி செய்தார்களா? விற்பனைக்கு முன் வழக்கமாக எடுக்கப்படும் எக்ஸ்ரே படங்களில், ஒரு நாளும் நொண்டாத குதிரைகளிலும் இத்தகைய குழிகள் தென்படுவதுண்டு. குளம்பில் சீழ் கோத்திருக்கலாம், முழங்காலுக்குக் கீழே பின்காலின் நடுவில் உள்ள ஹாக் மூட்டில் வலி இருக்கலாம், முழங்காலிலேயே தசைநாரோ பிறைக் குருத்தெலும்போ கிழிந்திருக்கலாம். படத்தில் ஒரு குழி கண்ணில் பட்டதும் மற்றவற்றைத் தேடாமல் விட்டுவிடுவது, இத்துறையில் நாங்கள் செய்யக்கூடிய பெரிய பிழை. தொடக்க காலத்தில் நானே அப்படி ஒரு குதிரையின் முழங்காலுக்கு மாதக்கணக்கில் மருத்துவம் பார்த்தேன். லாடம் அடிப்பவர் குளம்பைச் செதுக்கும்போதுதான் வலியின் உண்மையான இடம் வெளிப்பட்டது. அந்தக் குதிரை வீணாகப் பட்ட வலியை நான் இன்னும் மறக்கவில்லை.

உறுதி செய்யும் வழி, மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திப் பார்ப்பது. மருந்துக்கு முன்னும் பின்னும் குதிரையை நேர்கோட்டிலும், நீண்ட கயிற்றில் வட்டமாகவும் ட்ராட் என்ற மெல்லோட்ட நடையில் ஓட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் பின்னால் நின்று இடுப்பெலும்பின் இரு முனைகளையும் கவனியுங்கள். நொண்டும் பக்கத்து முனை மறுபக்கத்தை விட அதிகமாக ஏறி இறங்கும். அந்தக் காலின் அடி முன்னே எட்டும் தூரமும் சற்றுக் குறுகியிருக்கும். லாடத்தின் முன்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், பல மாதங்களாகக் காலை இழுத்து நடந்த குதிரையில் அது தேய்ந்து மழுங்கியிருக்கும். மருந்து செலுத்திப் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட வேண்டாம் என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மூட்டு பெரியது, மூன்று அறைகளாகப் பிரிந்திருப்பது. வலி குருத்தெலும்புக்கு அடியில், எலும்பில் இருப்பதால் மருந்து அங்கே ஊறிச் சேர நேரம் ஆகும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்து பார்ப்பது நல்லது. நொண்டல் முழுவதும் மறையாமல் பாதியளவு குறைந்தாலும், அதை நீர்க்கட்டிக்குச் சாதகமான விடையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். நொண்டாத இடது முழங்காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இந்நோய் இரு கால்களிலும் இருப்பது சாதாரணம், இரு கால்களிலும் இருந்தால் குணமாகும் வாய்ப்புப் பற்றிய கணிப்பே மாறிவிடும். பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். காலின் பின்னாலிருந்து முன்னோக்கி எடுக்கும் படத்தில்தான் உட்புறக் குமிழ் தெளிவாகத் தெரியும், குழியின் ஆழத்தையும் அதன் வாயின் அகலத்தையும் அதில் அளந்து பார்க்க முடியும். இரண்டாவதாக, மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் செய்து பிறைக் குருத்தெலும்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சிதைந்திருந்தாலோ, மூட்டில் தேய்மானம் ஏற்கெனவே தொடங்கியிருந்தாலோ, குழிக்கு மட்டும் செய்யும் எந்த மருத்துவமும் முழுப் பலன் தராது.

இனி இரண்டு மருத்துவர்களின் கருத்துக்கு வருகிறேன். ஓய்வு என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. வயது குறைவாக இருந்து, குழி ஆழமற்ற சிறு பள்ளமாக இருந்து, நொண்டல் முதல் முறையாக வந்திருந்தால், சில மாத ஓய்வையும் அழற்சி தணிக்கும் மருந்தையும்தான் நானும் முதலில் பரிந்துரைத்திருப்பேன். அப்படித் தேறிய குதிரைகள் பல உண்டு. ஆனால் மேய்ச்சலில் விடுவதும் ஓய்வும் ஒன்றல்ல. இளம் குதிரை திறந்த வெளியில் மற்றக் குதிரைகளோடு சேர்ந்தால் பாய்ந்து ஓடும், சட்டென்று நிற்கும், திரும்பும். உடல் எடை முழுவதும் அந்தக் குமிழின் மேல்தான் விழும். ஓய்வு என்றால் லாயமும், அதை ஒட்டிய சிறு அடைப்பும், கையில் பிடித்து நடத்துவதும்தான். உங்கள் குதிரையில் ஓய்வு இரண்டு முறை முயன்று பார்க்கப்பட்டுவிட்டது. அவை குறுகிய ஓய்வுகள்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் வலி முழங்காலில்தான் என்று உறுதியாகி, படத்தில் குழி ஆழமாகவும் இருந்தால், இன்னொரு ஆறு மாதத்தை வெறும் காத்திருப்பில் கழிக்க நான் சொல்ல மாட்டேன்.

அதற்குக் காரணம் வயது. 85 குதிரைகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், குழியைச் சுரண்டித் துப்புரவு செய்யும் அறுவைக்குப் பின், மூன்று வயது வரையிலான குதிரைகளில் 64 சதவீதம் நொண்டலின்றித் தேறின. மூன்று வயதைத் தாண்டியவற்றில் தேறியவை 35 சதவீதமே. மூன்றாம் பிறந்தநாளன்று ஏதோ கதவு அடைபட்டுவிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டில் தேய்மானம் சேர்கிறது, திசுக்களின் மீளும் ஆற்றல் குறைகிறது என்பதுதான் உண்மை. உங்கள் குதிரை அந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது.

அறுவை என்று சொன்னவர் எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அந்த ஒரு சொல்லுக்குள் இன்று பல முறைகள் அடங்கியிருக்கின்றன. பழைய முறை, ஆர்த்ரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை மூட்டுக்குள் செலுத்திப் பார்த்தபடியே, குழிக்குள் உள்ள திசுவைச் சுரண்டி எடுப்பது. இதன் பலன் குழியின் ஆழத்தை விட, மூட்டின் மேற்பரப்பில் எவ்வளவு குருத்தெலும்பு இழக்கப்படுகிறது என்பதையே சார்ந்திருக்கிறது. 150 பந்தயக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்ததில், மேற்பரப்புக் குறை 15 மில்லிமீட்டருக்குள் இருந்தவற்றில் சுமார் 70 சதவீதம் பந்தயத்தில் ஓடின. அதற்கு மேல் இருந்தவற்றில் ஓடியவை 30 சதவீதம்தான். குழியின் சுவரில் துளைகள் இட்டால் புது எலும்பு வளரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். துளையிட்ட பல குதிரைகளில் குழி மேலும் பெரிதானதைக் கண்ட பின் அந்த வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. உங்கள் மருத்துவர் துளையிடுவது பற்றிப் பேசினால் தயங்காமல் விளக்கம் கேளுங்கள்.

இரண்டாவது முறை, குழியைச் சுரண்டாமல், அதன் உட்சுவரில் டிரையம்சினலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை ஊசியால் செலுத்துவது. எலும்பைக் கரைக்கத் தூண்டும் திசுவை நேரடியாக அடக்குவதே இதன் நோக்கம். கேமராவில் பார்க்கும்போது, ஈரமாக மின்னும் வெண்ணிறக் குமிழின் நடுவில் குருத்தெலும்பு ஓரிடத்தில் மட்டும் இலேசாக உள்வாங்கியிருக்கும். கூர்மழுங்கிய கருவியால் தொட்டால் சுற்றியுள்ள பகுதி உறுதியாக எதிர்க்கும், அந்த இடம் மட்டும் நெகிழும். அங்கே ஊசியை இறக்கினால் சில வேளை வைக்கோல் நிறத்தில் கெட்டியான திரவம் மெல்லக் கசிந்து வரும். மேலே உள்ள குருத்தெலும்பைப் பெரிதும் சிதைக்காமல் காரியம் முடிவது இம்முறையின் சிறப்பு. 2008இல் வெளியான ஆய்வில், இம்முறையில் மருத்துவம் செய்யப்பட்ட 52 குதிரைகளில் ஏறத்தாழ 67 சதவீதம் தேறின.

மூன்றாவது முறை, குமிழின் குறுக்கே, குழியை ஊடுருவிச் செல்லுமாறு உலோகத் திருகாணி ஒன்றை இறுக்குவது. குழியைச் சுற்றியுள்ள எலும்பில் பாரம் விழும் விதத்தை மாற்றினால், எலும்பு தானே வளர்ந்து குழியை நிரப்பத் தொடங்கும் என்பது இதன் அடிப்படை. 2015இல் விவரிக்கப்பட்ட முதல் தொகுதியில் 20 குதிரைகளில் 15இல் நொண்டல் நீங்கியது. எண்ணிக்கை சிறியது, ஆனாலும் பின்னர் இம்முறையை எடுத்துக்கொண்ட அறுவை மருத்துவர்கள் கணிசம். எலும்பு ஒட்டு, ஸ்டெம் செல், இரத்தத் தட்டணுச் செறிவு ஆகியவற்றையும் உங்களுக்கு யாராவது பரிந்துரைக்கக்கூடும். அவை பெரும்பாலும் மேற்சொன்ன முறைகளோடு சேர்த்துச் செய்யப்படுபவை, தனித்து அவற்றை மட்டும் நம்பிச் செலவிட நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் குதிரைக்கு என் பரிந்துரை இதுதான். மரத்துப்போகும் மருந்துச் சோதனையில் வலி முழங்காலில் என்று உறுதியாகி, பிறைக் குருத்தெலும்பு நன்றாக இருந்து, குழி ஆழமாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால், ஆர்த்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, ஸ்டீராய்டு ஊசியோ திருகாணியோ, அந்த மருத்துவமனையின் கை எதில் நன்கு பழகியிருக்கிறதோ அதைச் செய்துகொள்ளுங்கள். கேமரா உள்ளே சென்றால் எந்தப் படமும் காட்டாத குருத்தெலும்புச் சேதமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது கூடுதல் ஆதாயம். இதில் உள்ள ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழு மயக்கம் குதிரைக்கு மனிதரைப் போல எளிதன்று. வயிற்றுவலி அவசரங்களைத் தவிர்த்த பிற மயக்கங்களிலும் இறப்பு 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருப்பதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. மூட்டுக்குள் கிருமி புகுவது அரிது, புகுந்தால் மிகக் கொடியது. ஸ்டீராய்டால் குளம்பழற்சி வரக்கூடும் என்பதால், உடல் பருத்த குதிரையாக இருந்தால் முன்கூட்டியே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிறகு பொறுமை வேண்டும். முதலில் லாய ஓய்வு, பின்னர் கையில் பிடித்து நடத்துவது, அதன் பிறகு சிறு அடைப்பில் விடுவது என்று நான்கிலிருந்து ஆறு மாதம் கழித்தே சேணம் ஏற்ற வேண்டும். இடையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் குழி அப்படியே தெரிகிறதே என்று மனம் உடையாதீர்கள். நொண்டல் முற்றிலும் நீங்கி நன்றாக வேலை செய்யும் குதிரைகளிலும் குழி முழுவதும் நிரம்பாமல் இருப்பது வழக்கம். இந்தக் காலத்தில் ஃபீனைல்பியூட்டசோன் கொடுத்து வலியை அடக்கிக்கொண்டு ஏறி ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. வலி மறைந்த கால் முழுப் பாரத்தையும் தயங்காமல் ஏற்கும். குழியின் விளிம்பு கீழே உள்ள பிறைக் குருத்தெலும்பை உராய்ந்து கிழிக்கும், அதன் பிறகு மீட்பது கடினம். அந்த மருந்தை நீண்ட நாள் கொடுத்தால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

கால்சியம் கொடுத்தால் குழி அடைபடாது. அது சத்துக் குறைவால் மெலிந்த எலும்பு இல்லை, ஒரே இடத்தில் கரைந்த எலும்பு. தீவனத்தில் தேவைக்கு மேல் கால்சியம் சேர்த்தால், மற்ற தாதுக்களோடு உள்ள சமநிலைதான் குலையும். மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது போதுமானது. தவிடு அதிகம் கொடுக்கிறீர்கள் என்றால் அதைக் குறையுங்கள், அதில் பாஸ்பரஸ் மிக அதிகம். எலும்புக்கு நல்லது என்று, எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்பனேட் வகை ஊசிகளை யாராவது சொன்னால், இந்த வயதுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் அவற்றுக்கு 2014இல் கிடைத்த அனுமதியே நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகளுக்குத்தான், அதுவும் குளம்பிலுள்ள நேவிகுலர் எலும்பு நோய்க்காக.

கடைசியாக அந்தக் குட்டியைப் பற்றி. குருத்தெலும்பு எலும்பாக மாறுவதில் வரும் கோளாறுகளுக்குப் பரம்பரையும் ஒரு காரணம் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் வளர்ச்சி வேகம், தீவனம், அடிபடுதல் எல்லாம் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன, எனவே அக்காவுக்கு வந்தது தம்பிக்கும் வந்தே தீரும் என்று இல்லை. குட்டியை மாவுத் தீவனத்தால் விரைந்து பருக்க வைக்காதீர்கள். செம்பும் துத்தநாகமும் போதுமான தீவனத்தைக் கொடுத்து, நாள்தோறும் தன் விருப்பப்படி ஓடியாட விடுங்கள். நொண்டாமல் இருக்கும் வரை இப்போது படம் எடுக்க வேண்டிய தேவையில்லை. சேணம் ஏற்றுவதற்கு முன், ஏறக்குறைய ஒன்றரை வயதில், இரண்டு முழங்கால்களுக்கும் பின்னாலிருந்து முன்னோக்கிய எக்ஸ்ரே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிறு பள்ளம் தெரிந்தாலும் குட்டி நொண்டவில்லை என்றால், பயிற்சியை ஆறு மாதம் தள்ளிவைத்து, மீண்டும் ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யலாம்.